டிராக்டர் இழுக்கும்; நிறுத்துமா?

ஏரி வண்டல் அடிக்கும் கோடைக்காலத்தில் ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் விவசாயிகள் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "என் வண்டி 45 எச்.பி. எத்தனை டன் இழுக்கும்?"

இழுப்பதில் சிக்கலே இல்லை. டிராக்டர் 2 டன், காலி டிரெய்லர் 1 டன், சுமை 5 டன், ஆக மொத்தம் 8 டன் என்று வைத்துக்கொள்வோம். சமமான தார்ச் சாலையில் அதை நகர்த்த 200 கிலோ இழுவிசை போதும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போக 11 எச்.பி.தான் செலவாகும். அதனால்தான் ஓட்டுநருக்குப் பாரமே தெரிவதில்லை.

இறக்கத்தில் கணக்கு மாறும். 100 அடிக்கு 10 அடி இறங்கும் சாலையில் அதே 8 டன்னும் 800 கிலோ விசையுடன் கீழே தள்ளும். டிராக்டரில் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்கள் மட்டுமே. 2 டன் வண்டியில் அவற்றின் மேல் இருப்பது சுமார் 1,300 கிலோ. காய்ந்த தார்ச் சாலையில் அந்த டயர்கள் தாங்கும் பிடிமானம் ஏறக்குறைய 780 கிலோ, மழையில் 520 கிலோ. பிரேக் புதிதாக இருந்தாலும் சக்கரம் வழுக்கும். டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, வண்டியைக் குறுக்கே திருப்பிவிடும். பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகும் மலைச்சாலையிலும் ஏலகிரி கொண்டை ஊசி வளைவுகளிலும் இது நினைவில் இருக்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவோர் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும். இடது, வலது பிரேக் பெடல்களைச் சாலைக்கு வருமுன் பூட்டி இணைத்துவிட வேண்டும்.

பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால், சுமையோடு அதன் எடை டிராக்டர் எடையில் ஒன்றரை மடங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 2 டன் வண்டிக்கு 3 டன். அதாவது சுமை 2 டன். இங்கே யாரும் அப்படி ஏற்றுவதில்லை என்பது எனக்கும் தெரியும். கூடுதலாக ஏற்றியே ஆக வேண்டுமானால் டிரெய்லருக்கும் பிரேக் வையுங்கள். மலைச்சாலையில் ஒரு நடையை இரண்டு நடையாக்குங்கள்.

கண்ணளவை நம்ப வேண்டாம். 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரமுள்ள பெட்டி 120 கன அடி. அதில் நெல் நிரப்பினால் சுமார் 2 டன். ஈர வண்டல் நிரப்பினால் 5 டன்னைத் தாண்டும். ஈரத்தோலுக்கும் காய்ந்த தோலுக்கும் உள்ள எடை வித்தியாசத்தை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எருவும் மண்ணும் அப்படித்தான்.

இன்னொன்று, மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்: முன்பாரம், பின்பாரம். இரண்டு சக்கர டிரெய்லரில் ஓரளவு முன்பாரம் வேண்டும். அது பின் டயரை அழுத்திப் பிடிமானம் தரும். பின்பாரமானால் கொக்கி மேலே தூக்கும், டிரெய்லர் ஆடும். முன்பாரம் மிஞ்சினாலும் ஆபத்து. கொக்கியில் 1,000 கிலோ அமர்ந்தால் முன் சக்கரங்களின் எடையில் சுமார் 300 கிலோ குறையும். மேட்டில் ஏறும்போது இன்னும் குறைந்து, ஸ்டியரிங் திருப்பியும் வண்டி நேராகவே போகும். கொக்கியை உயரமாக மாட்டினால் வண்டி முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழும். மேல் இணைப்புக் கம்பி மாட்டும் இடத்தில் டிரெய்லரைக் கட்டி இழுப்பதை நானே பார்த்திருக்கிறேன், ஒருபோதும் கூடாது.

இதையெல்லாம் அளக்கத் தனிக் கருவி வேண்டாம், எடை மேடை போதும். அம்முண்டி வேலூர் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கோ கேத்தாண்டப்பட்டி திருப்பத்தூர் ஆலைக்கோ கரும்பு அனுப்பியவர்கள் பழைய எடைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நீங்கள் வழக்கமாக ஏற்றும் பாரம் அதிலேயே இருக்கும். டிரெய்லரின் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அனுமதி எடையோடு ஒப்பிடுங்கள்.

அடுத்த முறை மேடைக்குப் போகும்போது, சுமையேற்றிய டிரெய்லரைக் கழற்றாமல் டிராக்டரை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்துங்கள். தனி டிராக்டரின் எடையைவிட எவ்வளவு கூடுதலாகக் காட்டுகிறதோ, அதுதான் முன்பாரம். பிறகு முன் சக்கரங்களை மட்டும் மேடையில் வைத்துப் பாருங்கள். டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, 2 டன் வண்டிக்கு 400 கிலோ, காட்ட வேண்டும். குறைந்தால் சுமையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள், அல்லது முன்னால் எடைக்கட்டை மாட்டுங்கள்.