குழந்தையின் கண் அலைபாய்கிறதா? பொறுமைக்கும் ஒரு கெடு உண்டு

கைக்குழந்தையின் ஒரு கண் திடீரென்று மூக்குப் பக்கம் ஓடுகிறது. சில நேரம் இரண்டு கண்களும் ஆளுக்கொரு திசையில் நிற்கின்றன. பதறிப்போகும் தாயிடம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "வளர வளரச் சரியாப் போயிடும்." இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. பல தலைமுறைப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த அறிவு அது. முதல் மூன்று நான்கு மாதங்களுக்குப் பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் அதற்கு ஒரு கெடு இருப்பதையும், கெடுவுக்குக் காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகள் இருப்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அந்த விடுபடல்தான் சில குழந்தைகளின் பார்வையைப் பறிக்கிறது.

முதல் நூறு நாட்கள்

பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம் வரைதான். மடியில் பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. இரண்டு கண்களின் பன்னிரண்டு தசைகளையும் ஒரே பொருளை நோக்கி இழுக்க மூளை பழகியாக வேண்டும். பழகும்வரை கண் அவ்வப்போது விலகும், பிறகு தானே திரும்பிவிடும். ஆறு முதல் எட்டு வாரங்களில் குழந்தை முகத்தை நிலைத்துப் பார்க்கத் தொடங்குகிறது. மூன்று மாத வாக்கில் நகரும் பொருளைக் கண்ணால் தொடர்கிறது. தூக்கத்தில் இமைக்குள் விழி உருள்வதும், அரைக்கண் திறந்திருப்பதும், "நரி விரட்டுது" என்று பாட்டிமார் சொல்லும் அந்தச் சிரிப்பும் சிணுங்கலும் இயல்பானவையே. பச்சிளங்குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, இப்படி உடல் அசைந்துகொண்டிருக்கும் தூக்கம்தான்.

பார்வைக்கு மாறுகண் போலத் தோன்றி, உண்மையில் அப்படி இல்லாத குழந்தைகளும் நிறைய. மூக்குத்தண்டு தட்டையாக, அகலமாக இருந்தால், உள்மூலையில் இமைத்தோல் வெள்ளைவிழியைச் சற்று மறைக்கும்; கருவிழி உள்ளே ஒதுங்கியதுபோல் தெரியும். நேராகப் பார்க்கும் குழந்தையின் புகைப்படத்தில் இரண்டு கருவிழிகளிலும் ஒளிப்புள்ளி ஒரே இடத்தில் விழுந்தால், அது தோற்ற மயக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் அதை உறுதி செய்ய வேண்டியவர் கண் மருத்துவர்.

நான்காம் மாதத்தை ஏன் கெடு என்கிறோம்?

கண் படம் பிடிக்கிறது, பார்ப்பது மூளை. டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் 1960களில் பூனைக்குட்டிகளிடம் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. பிறந்த புதிதில் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடிவைத்துப் பிறகு திறந்தபோது, கண் பழுதில்லாமல் இருந்தும் மூளை அதன் செய்தியை ஏற்க மறுத்துவிட்டது. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. குழந்தைகளுக்கும் இதே விதிதான். ஒரு கண் நிலையாக விலகியிருந்தால், இரட்டைப் பிம்பத்தைத் தவிர்க்க மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கப் பழகுகிறது. சோம்பல் கண் என்பது இதுதான். ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் பெருமளவு மீட்கலாம். வயது ஏற ஏற மீட்பது கடினம். பிறவிக் கண்புரையில் அவகாசம் இன்னும் குறைவு. பார்வையை அடைக்கும் அளவுக்குப் புரை தடித்திருந்தால், முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் அறுவை செய்வதே நல்லது. தவறவிட்டால் கண்கள் இடைவிடாமல் ஆடத் தொடங்கும். வீட்டார் முதலில் கவனிப்பது பெரும்பாலும் அந்த ஆட்டத்தைத்தான். அதற்குள் பொன்னான வாரங்கள் கழிந்திருக்கும்.

"மாறுகண் அதிர்ஷ்டம்" என்ற நம்பிக்கை நம்மிடம் இன்னும் இருக்கிறது. அந்தக் கண்ணின் பார்வை மெல்ல மங்குவது எந்த வகையில் அதிர்ஷ்டம்? நான்கு மாதம் கடந்தும் கண் அவ்வப்போது விலகினால் காட்ட வேண்டும். எந்நேரமும் ஒரே நிலையில் விலகியே நின்றால், ஒரு மாதக் குழந்தையானாலும் காட்ட வேண்டும்.

தவணை கேட்காத அறிகுறிகள்

இரண்டு கண்களும் ஊசல்போல இடவலமாக ஆடுவது பெரும்பாலும் இரண்டு மூன்று மாத வயதில் தெரியவரும். விழித்திரை, பார்வை நரம்பு, நிறமிக் குறைபாடு என்று காரணங்கள் பல. கருவிழிகள் கீழே இறங்கி, மேலே வெள்ளை தெரிய, தலையும் வேகமாகப் பெருத்து, உச்சிக்குழி புடைத்து, வாந்தியும் இருந்தால் மூளைக்குள் நீர் தேங்கியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத் துள்ளுவது அரிது. ஆனால் அதன் பின்னால் உடலில் வேறெங்கோ நரம்புத்திசுக் கட்டி ஒளிந்திருக்கக்கூடும். புகைப்படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக மின்னினால், ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோய் இல்லை என்று உடனே உறுதி செய்ய வேண்டும். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு அது வருகிறது. மாறுகண்ணும் அதன் அறிகுறிகளில் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது.

என் கணிப்பில் நம் வீடுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இன்னொன்று. தூங்கி எழுந்ததும் குழந்தை கண்களை மேலே சொருகி, தலையைக் குனிந்து, கைகளை வெடுக்கென்று விரிக்கும். சில நொடிகளில் மீண்டும் அதுவே, பிறகு மீண்டும், வரிசையாக. வலிப்பென்றால் கைகால் இழுக்கும், நுரை தள்ளும் என்றே எண்ணிப் பழகியவர்களுக்கு இது வலிப்பாகவே தோன்றாது. வயிற்றுவலி என்பார்கள், உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்டுவார்கள், மந்திரிக்கக் கொண்டுபோவார்கள். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குப் பிறகு, முதல் ஆண்டுக்குள் தொடங்கும் இந்த வலிப்பை 1841இல் தம் சொந்த மகனிடம் கண்டு மருத்துவ இதழுக்கு எழுதியவர், வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவர் கையில் மருந்து இல்லை. இன்று இருக்கிறது. சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால் மூளை வளர்ச்சியைக் காக்கும் வாய்ப்பு கூடும். ஒவ்வொரு வாரத் தாமதமும் கேடு.

"பயமுறுத்தலாமா?"

பச்சை உடம்புக்காரியிடம் இத்தனையும் சொன்னால் அச்சம்தானே மிஞ்சும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கவனித்துப் பார்த்தால், தாய் அஞ்ச வேண்டியவற்றின் பட்டியல் இங்கே சுருங்கவே செய்கிறது: இரண்டு மாதக் குழந்தையின் கண் எப்போதாவது விலகித் தானே திரும்பினால், அவள் நிம்மதியாக இருக்கலாம். இவ்வளவு சிறிய குழந்தையை எப்படிச் சோதிப்பார்கள் என்ற தயக்கமும் வேண்டாம். எழுத்து படிக்கத் தெரியாத குழந்தைக்கும், சொட்டு மருந்தால் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கிறார்கள். சில மாதக் குழந்தைக்கே கண்ணாடி போடுகிறார்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கு, கண்ணில் எந்தக் கோளாறும் தெரியாவிட்டாலும், பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம்.

மருத்துவர் முன்னால் அந்த அசைவு வராமலே போகலாம். செல்போனில் ஒரு நிமிடம் படம் பிடித்துக் கொண்டுபோங்கள். தூங்கி எழுந்தபோதா, பால் குடிக்கும்போதா, நாளுக்கு எத்தனை முறை என்று குறித்து வையுங்கள். செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில் பிறவிக் கண்புரையும் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயும் அடங்கும். மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் இதற்குக் கட்டணம் கிடையாது.