இரண்டு ஹெலிகாப்டரும் ஒரு டோர்னியரும்

இறையாண்மை என்பது பிறர் தலையீடின்றித் தன் காரியங்களைத் தானே முடிவுசெய்ய ஒரு நாட்டுக்குள்ள உரிமை. அது நிலைக்குமா, பறிபோகுமா என்பதைத் தலைவரின் மனம் எந்த அயல்நாட்டின் பக்கம் சாய்கிறது என்பதை வைத்தே கணிக்கும் வழக்கம், ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள் வாழும் மாலத்தீவில் தேர்தலுக்குத் தேர்தல் தலைதூக்குகிறது. ஒருவர் இந்தியாவின் ஆள், மற்றவர் சீனாவின் ஆள் என்று முத்திரை குத்தப்படுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவரவர் எதில் கையெழுத்திட்டார் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

இந்தப் பரபரப்பு எதுவும் இல்லாத காலத்தில், 1976-இல் பிரிட்டிஷ் விமானப்படை காலி செய்துவிட்டுப் போன அட்டூவின் கான் தளத்தை ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் குத்தகைக்குக் கேட்ட சோவியத் ஒன்றியத்தை, அதிபர் இப்ராஹிம் நசீர் 1977-இல் மறுத்து அனுப்பினார். அடுத்து வந்த மௌமூன் அப்துல் கயூம் காலத்தில் வந்த ஆபத்து வல்லரசு எதனிடமிருந்தும் வரவில்லை. 1988 நவம்பர் 3 அன்று, மாலத்தீவு வணிகர் ஒருவர் திட்டமிட்ட ஆட்சிக் கவிழ்ப்புக்காக, இலங்கைத் தமிழ் இயக்கமான புளொட்டைச் சேர்ந்த ஏறத்தாழ 80 பேர் தலைநகர் மாலேயில் இறங்கினர். கயூம் விடுத்த வேண்டுகோளை ஏற்று ஆக்ராவிலிருந்து புறப்பட்ட இந்தியப் பாராசூட் படை அன்றிரவே ஹுல்ஹுலே விமான நிலையத்தில் தரையிறங்கிக் கவிழ்ப்பை முறியடித்தது. அயல்நாட்டுப் படை வந்துதான் நாட்டின் இறையாண்மையைக் காத்தது என்பதை, பின்னாளில் அயல்நாட்டுப் படையே வேண்டாம் என்று முழங்கியவர்கள் அதிகம் நினைவுகூர்வதில்லை.

கயூமின் தந்தைவழித் தம்பியான அப்துல்லா யாமீன் 2013-இல் ஆட்சிக்கு வந்ததும் சீனாவை நெருங்கினார். 2014 செப்டம்பரில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கே மாலேக்கு வந்து சென்றார். ஆனால் அந்த டிசம்பரில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்து, குழாயைத் திறந்தால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சொட்டுத் தண்ணீர் வராத நிலை ஏற்பட்டபோது, இந்திய விமானப்படை விமானங்கள் தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்து விரைந்தன. சீனாவும் தண்ணீர் அனுப்பியது. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரனுக்கு இருக்கும் வசதி தூரத்து நண்பனுக்கு வாய்ப்பதில்லை.

யாமீன் 2017-இல் சீனாவுடன் செய்த தடையில்லா வணிக ஒப்பந்தம் எதிர்க்கட்சியினர் இல்லாத அவையில் அவசரமாக நிறைவேறியது. 2018-இல் அவரைத் தோற்கடித்து வந்த இப்ராஹிம் முகமது சோலிஹ், ‘இந்தியாவுக்கே முதலிடம்’ என்ற கொள்கையோடு ஆண்டார். அவர் அரசு 2021-இல் உதுரு திலா ஃபல்ஹு தீவில் கடலோரக் காவல்படைத் துறைமுகம் அமைக்க இந்தியாவோடு செய்த உடன்பாட்டின் முழு வாசகமும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. ‘இந்தியாவே வெளியேறு’ இயக்கம் வளர்ந்தபோது, சோலிஹ் 2022-இல் அதை ஆணையிட்டுத் தடைசெய்தார். சாய்வு எதிரெதிர்த் திசையில் இருந்தாலும், குடிமக்களுக்குக் காட்டாமல் கையெழுத்திடும் பழக்கம் இருவருக்கும் பொது. ஆபத்து அங்கேதான் இருந்தது எனலாம்.

அந்த முழக்கத்தின் துணையோடு 2023-இல் வென்ற முகமது முய்சு, இந்தியா கொடுத்திருந்த இரண்டு ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் இயக்கிவந்த ஏறத்தாழ 80 இந்தியப் படையினரையும் 2024 மே 10-க்குள் திருப்பி அனுப்பினார். ஆனால் அதே ஆண்டில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்து, வட்டியில்லா இஸ்லாமியக் கடன்பத்திரமான சுகூக்கின் தவணையைக் கட்ட முடியுமா என்ற அச்சம் எழுந்ததும், அக்டோபரில் அவர் தில்லிக்குச் சென்றார். மாலத்தீவு தன் நாணயத்தைக் கொடுத்து அயல்நாணயத்தைப் பெற்றுப் பின்னர் திருப்பித்தரும் நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டின்கீழ் 40 கோடி டாலர் வரையும் 3,000 கோடி ரூபாய் வரையும் பெறும் வசதி கிடைத்தது. யாமீன் காலத்துச் சீன வணிக ஒப்பந்தம் 2025 ஜனவரியில் முய்சு ஆட்சியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலை 26 அன்று, நாட்டின் 60-ஆவது விடுதலை நாள் விழாவில் தலைமை விருந்தினராக இந்தியப் பிரதமர் நரேந்திர மோதி அமர்ந்திருந்தார்.

தொலைதூரத் தீவுகளின் நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப் பயன்பட்ட அந்த மூன்று வான்கலங்களும் எங்கும் போகவில்லை. சீருடை அணிந்தவர்கள் போன இடத்தில், சீருடை அணியாத இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்கள் வந்து சேர்ந்தனர்.