மியூ என்னும் எழுத்து

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கருநாடக மாநிலத்தை ஒட்டி அமைந்த நகரம் ஓசூர். பெங்களூரு அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உளது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் இந்நகரத்திற்கு அருகிலுள்ள தொரப்பள்ளியே இராசாசி பிறந்த ஊர். 1970-களில் இங்குத் தொழிற்பேட்டை அமைந்தது. 1980-இல் அசோக் லேலண்டு நிறுவனத்தின் தொழிற்சாலை எழுந்தது. அதே காலத்தில் டி.வி.எஸ். மொபெட்டு வண்டிகள் இங்கிருந்து வெளிவரத் தொடங்கின. டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி 1984-இல் தோற்றுவித்த டைட்டன் நிறுவனம், தன் கடிகாரத் தொழிற்சாலையை இங்கேயே நிறுவிற்று. தருமபுரியினின்றும் 2004-இல் பிரிக்கப்பட்ட கிருட்டிணகிரி மாவட்டத்தில் ஓசூர் இன்று தலைமையான தொழில் நகரமாக விளங்குகிறது.

பெருந்தொழிற்சாலை எதுவும் தனக்கு வேண்டிய உறுப்புக்கள் அனைத்தையும் தானே செய்துகொள்வதில்லை. திருகாணி, சுருள்வில், பல்சக்கரம், மின்கருவி ஆகியவற்றைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகள் செய்து தருகின்றன. பட்டறைகளுள் சில எல்லைக்கு இப்பால் சூசூவாடிப் பக்கத்திலும், சில அப்பால் அத்திப்பள்ளிப் பக்கத்திலும் உள்ளன. உறுப்புக்கள் வண்டியேறிச் செல்லும்போது அவற்றோடு தாள்களும் செல்லும். வரைபடம், ஆய்வறிக்கை, அளவுகோல் சான்றிதழ் என அவை பலவகைப்படும். உறுப்பு எத்துணைச் செம்மையாக அமைந்திருப்பினும், தாளிலுள்ள அளவு பிழைபடுமாயின், அடுத்த பட்டறை பிழையாகவே கடையும்.

இத்தாள்களில் கிரேக்க எழுத்துக்கள் இடையிடையே வரும். மின்தடையின் அலகாகிய ஓமைக் குறிப்பது 'ஒமேகா'. கோணத்திற்குத் 'தீட்டா' வரும். மாறுபாட்டிற்கு 'டெல்டா' வரும். கம்பியின் விட்டத்தைக் குறிக்க வட்டத்தின் குறுக்கே கோடிட்ட குறி ஒன்று உண்டு. பட்டறைகளில் அதனை 'ஃபை' என வழங்குவாரும் உளர். உண்மையில் அது கிரேக்க எழுத்தன்று, விட்டத்திற்கென்றே அமைந்த தனிக்குறியாகும். இவை யாவற்றினும் மிகுதியாக வருவதும், தவறினால் மிகுதியாக இடர் தருவதும் 'மியூ' என்னும் சிற்றெழுத்தேயாகும். அலகுகளின்முன் அது நின்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்பது பொருள். மியூவோடு மீட்டரைக் குறிக்கும் ஆங்கில 'எம்' சேர்ந்தால் மைக்ரோமீட்டர். அஃதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு கூறு. மைக்ரான் என்னும் பழைய பெயரைப் பன்னாட்டு அளவைப் பேரவை 1967-ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டது. ஆயினும் பட்டறைகளில் அப்பெயர் இன்றும் நீங்கவில்லை.

இவ்வளவு சிறிய அளவு எதற்குப் பயன்படும் என்று வினவலாம். மனிதனின் தலைமயிர் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரோமீட்டர் தடிப்புடையது. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்று, பொறியியலார் பெரிதும் கையாளும் பொருத்த நெறியின்படி, 21 மைக்ரோமீட்டர் வரையே கூடுதலாக இருக்கலாம். தொழிலாளர் இதனை 'டாலரன்சு' என்பர். மயிரிழையினும் குறுகிய அவ்விடைவெளியைத் தாண்டினால், அச்சு துளையில் ஆடும். டைட்டன் நிறுவனம் 2002-இல் வெளியிட்ட மெல்லிய கடிகாரத்தின் இயக்கப்பொறி முழுவதும் 1.15 மில்லிமீட்டர் தடிப்பினுள் அடங்கியது எனின், அதன் ஒவ்வோர் உறுப்பும் எத்துணை நுண்மையாக அளக்கப்பட்டிருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

இனி, இவ்வெழுத்து கணிப்பொறியினுள் புகும் வகையைக் காண்போர், அங்கே எழுத்து என்பதே இல்லை என அறிந்து வியப்படைவர். கணிப்பொறி அறிவது எண் ஒன்றையே. ஒவ்வோர் எழுத்திற்கும் ஓர் எண் உண்டு. 'எழுத்துரு' என்பது, இன்ன எண்ணுக்கு இன்ன வடிவம் வரைக எனக் கூறும் பட்டியலாகும். ஆங்கிலச் சிறிய 'எம்' என்பதன் எண் 109. தொடக்கக் காலக் கணிப்பொறிகளில் ஓர் எழுத்திற்கு ஒதுக்கிய இடத்தில் 256 எண்களே அடங்கின. அவற்றுள் ஆங்கிலமும் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றின் எழுத்துக்களும் போக, கிரேக்க எழுத்துக்கள் இருபத்து நான்கிற்கும் இடமில்லாது போயிற்று.

இதற்கு ஒரு சூழ்ச்சி கண்டுபிடிக்கப்பட்டது. 'சிம்பல்' என்னும் எழுத்துருவைச் செய்தவர்கள், ஆங்கில எழுத்துக்களின் எண்களுக்கே கிரேக்க வடிவங்களை வரைந்து வைத்தனர். 109 என்னும் எண்ணுக்கு மியூவின் வடிவம். பெரிய 'டபிள்யூ'வின் எண்ணாகிய 87-க்கு ஒமேகாவின் வடிவம். எழுதுவோர் எழுத்துருவைச் 'சிம்பல்' என மாற்றி, 'எம்' விசையை அழுத்தினால் மியூ தோன்றும். கண்ணுக்கு மியூ, கணிப்பொறிக்கோ அது 'எம்' ஒன்றே.

தாள் அச்சாகி வெளிவரும் வரையில் இதனால் தீங்கில்லை. எழுத்துக்கள் ஒரு மென்பொருளினின்று மற்றொன்றிற்கு ஒட்டப்படும்போதும், மின்னஞ்சலில் வெறும் எழுத்துக்களாகச் செல்லும்போதும், எழுத்துரு உதிர்ந்து எண் மட்டுமே எஞ்சும். அப்போது மியூ மறைந்து, 'எம்' வெளிப்படும். 21 மைக்ரோமீட்டர் என எழுதியது 21 மில்லிமீட்டர் என நிற்கும். அளவு ஆயிரம் மடங்கு பெருகிவிடும். இவ்வளவு பெரிய பிழை எவர் கண்ணுக்கும் தப்பாதே எனலாம். 25 மில்லிமீட்டர் துளைக்கு 21 மில்லிமீட்டர் தளர்வு என்றால் கடைசல்காரர் நகைத்து, தொலைபேசியை எடுத்துவிடுவார் என்பது மெய்யே. பிழை நம்பத்தக்க உருவில் வரும்போதுதான் இடர் நேர்கிறது. 10 ஓம் என எழுதிய மின்தடை, ஒமேகா உதிர்ந்தால், 10 'டபிள்யூ' எனத் தோன்றும். 'டபிள்யூ' என்பதோ வாட்டு என்னும் திறனலகின் குறி! மின்தடையை ஓமாலும் குறிப்பர், வாட்டாலும் குறிப்பர். ஆதலின் படிப்பவர் ஐயுறுவதற்கு அங்கு இடமே இல்லை. மைக்ரோநொடி மில்லிநொடியாக மாறுவதும் இத்தகையதே. மருந்துத் துறையில் இவ்விடர் உயிரோடு தொடர்புடையது. கையெழுத்தில்கூட மியூ 'எம்' போலத் தோன்றி, மைக்ரோகிராம் மில்லிகிராமாகப் படிக்கப்படலாம் என்பதால், அங்கு மியூவை விலக்கி, 'எம்.சி.ஜி.' என மூன்று ஆங்கில எழுத்துக்களால் எழுதுமாறு அமெரிக்காவில் மருந்துப் பிழைகளை ஆராயும் நிறுவனம் அறிவுறுத்துகின்றது.

கிரேக்க எழுத்துக்கு நேர்ந்த இந்நிலை தமிழுக்குப் புதிதன்று. 'பாமினி' என்னும் எழுத்துருவில் தமிழைத் தட்டச்சுச் செய்தவர் எண்ணற்றோர். அதிலும் இதே சூழ்ச்சியே அமைந்திருந்தது. மேற்கூறிய 109 என்னும் அதே எண்ணுக்குப் பாமினி வரைந்த வடிவம் 'அ' என்பது. ஆகவே அவ்வோர் எண், ஒரு மேசையில் ஆங்கில 'எம்' ஆகவும், மற்றொன்றில் மியூவாகவும், பிறிதொன்றில் தமிழின் முதலெழுத்தாகவும் தோன்றிற்று. பாமினி இல்லாத கணிப்பொறியில் திறந்த தமிழ்க் கடிதம், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சியளித்தது. எல்லைக்கு அப்பால் கன்னடத்தாரும் தத்தம் எழுத்துருக்களோடு இவ்வாறே இடர்ப்பட்டனர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழ்க் கடிதம் சிதைந்தால் சிதைந்தது எனக் கண்டவுடன் தெரியும். மியூ சிதைந்தால் அது மற்றொரு நல்ல அளவாகவே தோன்றும். பிழையின் வடு எதுவும் அங்கு இராது.

இக்குழப்பத்தை நீக்க எழுந்ததே 'ஒருங்குறி' எனப்படும் உலகப் பொது எண்முறை. அதன் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தது. அதில் எல்லா மொழி எழுத்துக்களுக்கும் தனித்தனி எண்கள் வழங்கப்பெற்றன. தமிழ் அகரத்திற்கு 2949, கிரேக்க மியூவுக்கு 956, ஒமேகாவுக்கு 937. எழுத்துரு எதுவாயினும் எண் மாறாது. தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியைத் தமிழுக்குரிய தரமாக ஏற்றது.

நோய் முற்றும் நீங்கிற்றா எனின், இல்லை. பழைய பட்டியல்களில் மைக்ரோ என்னும் அளவைக் குறி 181 என்னும் எண்ணில் முன்னரே இடம்பெற்றிருந்தது. அதனை நீக்க இயலாமல் ஒருங்குறியும் ஏற்றுக்கொண்டது. ஓமின் குறிக்கும் இவ்வாறே 8486 என வேறோர் எண் உண்டு. வடிவம் ஒன்று, எண் இரண்டு! ஒருவர் 181-ஐ எழுத, மற்றொருவர் 956-ஐத் தேடினால், கண்முன் நிற்கும் சொல்லையும் சில மென்பொருள்கள் இல்லை என்று கூறும். மற்றுமோர் இடரும் உண்டு. வரைபடங்களில் எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்துக்களில் அமைப்பது வழக்கம். மென்பொருளிடம் அவ்வாறு மாற்றுமாறு கட்டளையிட்டால், அது மியூவையும் விடாது பெரிய மியூவாக்கிவிடும். கிரேக்கப் பெரிய மியூவின் வடிவமோ ஆங்கிலப் பெரிய 'எம்' போன்றதே. நேர்மையாக எழுதப்பெற்ற 5 மைக்ரோமீட்டர், இரண்டு பெரிய 'எம்'கள் தொடர, 5 மில்லிமீட்டர்போல நிற்கும்.

நூல்களையும் ஆய்வுரைகளையும் அச்சுக்கு அணிசெய்யும் மென்பொருள்களுள் தலைசிறந்தது 'டெக்' என்பது. அமெரிக்க நாட்டுப் பேராசிரியர் டொனால்டு கனூத்து, தம் நூலொன்றின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படிகள் அழகிழந்திருக்கக் கண்டு மனம் வெதும்பி, 1977-இல் இதனை ஆக்கத் தொடங்கினார். இதன் பெயரே தௌ, எப்சிலான், கை என்னும் மூன்று கிரேக்க எழுத்துக்களால் ஆயது. பின்னர் லெசுலி லாம்போர்ட்டு என்பார் இதன்மீது கட்டிய 'லேடெக்' இன்று உலகெங்கும் வழங்குகிறது. இதில் இரண்டு டாலர் குறிகளுக்கு இடையே பின்சாய்கோடு இட்டு எழுத்தின் பெயரை எழுதினால், கிரேக்க எழுத்து அச்சாகும். ஆனால் டாலர் குறிகளுக்கு உட்பட்டவை அனைத்தும் கணிதம் என்பது டெக்கின் கோட்பாடு; ஆதலின் அம்மியூ சாய்ந்து நிற்கும்.

சாய்வதில் என்ன கேடு? வண்டிகளின் தடைக்கட்டையைப் பற்றிய அறிக்கை ஒன்றை எண்ணிக்கொள்க. கட்டைக்கும் உருளைக்கும் இடையிலான உராய்வுக் கெழுவைக் குறிப்பதும் மியூ. உருளைப் பரப்பின் சொரசொரப்பை அளக்கும் மைக்ரோமீட்டரில் வருவதும் மியூ. ஒரே பக்கத்தில் இரண்டும் வரும். அளவைகளுக்கான பன்னாட்டு நெறி, கணியத்தின் குறி சாய்ந்தும் அலகின் குறி நிமிர்ந்தும் இருத்தல் வேண்டும் என்கிறது. ஆகவே சாய்ந்த மியூ உராய்வு. நிமிர்ந்த மியூ மைக்ரோ. இந்நெறி அழகுக்காக மட்டும் வந்ததன்று. சாதாரண உரைநடையின் நடுவே நிமிர்ந்த மியூ வேண்டுவோர், டாலர் குறிகளை விடுத்து, உரைக்கென்றே அமைந்த மியூக் கட்டளையை ஆள்தல் வேண்டும். எண்ணையும் அலகையும் சேர்த்துக் கொடுத்தால் இடைவெளியையும் நிமிர்வையும் தானே அமைத்துத் தரும் துணைத்தொகுதி ஒன்றும் உண்டு.

பிழை நேரும்போது இம்மென்பொருள்கள் நடந்துகொள்ளும் முறையும் அறியத்தக்கது. பழைய லேடெக்கில் 956 என்னும் மியூவை உரையினுள் நேரே எழுதினால், 'இவ்வெழுத்தை அமைக்க வழி செய்யப்படவில்லை' என்னும் பொருள்பட அது கூவி நின்றுவிடும். புதியவர்க்கு இது எரிச்சல் ஊட்டும். ஆயினும் இதுவே நன்று. தமிழை அச்சிடப் பெரிதும் ஏற்றதாகிய 'சீடெக்' வேறு இயல்பினது. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் கிரேக்க வடிவங்கள் இல்லை. இல்லாத வடிவம் கேட்கப்பட்டால் சீடெக் நிற்பதில்லை. அவ்வெழுத்தின்றியே மேலே செல்லும். குறைந்த எழுத்தின் பெயரைப் பணிக்குறிப்புக் கோப்பின் நடுவே ஒரு வரியில் எழுதி வைக்கும். அக்கோப்பைத் திறந்து பார்ப்பவர் சிலரே. தமிழில் அமைத்த சான்றிதழில் 21 மைக்ரோமீட்டர் இவ்வாறு 21 மீட்டராகிவிடலாம். இதற்கு மருந்து, கிரேக்க எழுத்துக்களுக்கென மற்றோர் எழுத்துருவை முன்கூட்டியே பெயர் சொல்லி அமர்த்துவதாகும்.

ஓசூரிலிருந்து கோப்பு வெளியேறுமுன், எழுத்துருக்களையும் உள்ளடக்கிய பி.டி.எஃப். வடிவில் அதனை மாற்றி அனுப்பினால், பெறுவோரின் கணிப்பொறியில் எழுத்துரு இல்லாவிடினும் மியூ மியூவாகவே தோன்றும். கிரேக்க எழுத்தே இல்லாத பழைய கருவிகளில் மியூவுக்கு ஈடாக ஆங்கில 'யூ'வை எழுதும் வழக்கமும் உண்டு. மின்தேக்கிகளின் பட்டியல்களில் அதனை இன்றும் காணலாம். உரைநடையில் இடம் இருப்பின் 'மைக்ரோமீட்டர்' என விரித்தே எழுதலாம். வரைபடத்திலோ அவ்வளவு இடமில்லை. இரு கோடுகளுக்கு நடுவே ஓர் எண்ணும் இரண்டு எழுத்துக்களுமே அங்கு அடங்கும்.