எஞ்சின் சூடாகிறதா? முதலில் நீர்த்தாரையைப் பாருங்கள்



தொழில் உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் கடலோரக் குடும்பங்களில் சிலர், "எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது, வேறு எஞ்சின் வாங்க உதவுங்கள்" என்கிறார்கள். என்ன நடந்தது என்று கேட்டால், பிஸ்டன் பிடித்துக்கொள்வதற்குப் பல நாட்களுக்கு முன்பே எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகத் தொடங்கியிருப்பது தெரிகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரத்தை உரிய நேரத்தில் மாற்றியிருந்தால், அந்தக் குடும்பம் கடன் கேட்டு அலைய வேண்டிய நிலை வந்திருக்காது. ஆகவே, பழைய அவுட்போர்டு எஞ்சின் ஏன் சூடாகிறது, எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறோம்.

எஞ்சின் எப்படிக் குளிர்கிறது?

கார், லாரியில் இருப்பதுபோல அவுட்போர்டு எஞ்சினில் ரேடியேட்டர் கிடையாது. கடல்நீரேதான் அதைக் குளிர்விக்கிறது. காற்றாடிக்குச் சற்று மேலே, எஞ்சின் காலின் பக்கவாட்டில் சிறு துளைகள் கொண்ட வலைபோன்ற மூடி இருக்கும். அதன் வழியே நீர் உள்ளே வருகிறது. எஞ்சினின் நடுத்தண்டோடு சேர்ந்து சுற்றும் இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரம் அந்த நீரை ஒரு குழாய் வழியாக மேலே தள்ளுகிறது. நீர் சிலிண்டரைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு கலந்து வெளியேறுகிறது. அதில் ஒரு சிறு பங்கு மட்டும் எஞ்சினின் பின்புறத்தில் மெல்லிய தாரையாக அடிக்கும்.

அந்தத் தாரைதான் எஞ்சினின் நாடித்துடிப்பு. பழைய சிறிய எஞ்சின்கள் பலவற்றில் சூடு ஏறினால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி இல்லை. நம் கண்தான் மணி. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்த அரை நிமிடத்துக்குள் நீர் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். "கொஞ்ச தூரம் போனால் வந்துவிடும்" என்று ஓட்டுவதுதான் எஞ்சினைக் கொல்கிறது.

நடுக்கடலில் தாரை நின்றால்

பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். அடியில் சேறும் கடற்புல்லும் நிறைந்தது. போதாததற்குப் பாலித்தீன் பைகளும் மிதக்கின்றன. எனவே தாரை திடீரென நின்றால் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

1. வேகத்தைக் குறைத்து எஞ்சினை நிறுத்துங்கள். நங்கூரம் போடுங்கள். எல்லைப் பக்கம் நீரோட்டம் இழுத்துச் சென்றால், எஞ்சின் கோளாறு வேறு பெரிய சிக்கலாகிவிடும்.

2. எஞ்சினைத் தூக்கி, நீர் உறிஞ்சும் வலையில் பாசியோ பையோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கையால் அகற்றுங்கள்.

3. தாரை வெளிவரும் துளையில் தடித்த தங்கூசி நரம்பை விட்டுக் குத்துங்கள். அங்கே உப்புக்கட்டியும் மணலும் அடைத்துக்கொள்வது வழக்கம். கம்பியால் குத்தினால் துளை சேதமாகலாம்.

4. அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான சிலிண்டர் ஹெட்டின் மேல் கடல்நீரை அள்ளி ஊற்றாதீர்கள். சூடான அலுமினியம் திடீரெனக் குளிர்ந்தால் வளையும், விரிசலும் விடும்.

5. மீண்டும் ஸ்டார்ட் செய்து தாரையைப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் நிறுத்திவிட்டு அருகிலுள்ள படகுகளை அழையுங்கள். ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் 1554 என்ற இலவச எண் இருக்கிறது.

ஆழமில்லாத இடத்தில் எஞ்சினைச் சாய்த்து ஓட்டும்போது நீர் உறிஞ்சும் துளைகள் மேலே வந்துவிடலாம். அப்போது பம்ப் காற்றைத்தான் இழுக்கும். வேறு படகிலிருந்து எடுத்து மாட்டிய எஞ்சின் உயரமாக அமைந்துவிட்டாலும் இதேதான் நடக்கும்.

கரையில் பார்க்க வேண்டியவை

அடைப்பு எதுவும் இல்லை, ஆனாலும் தாரை மெலிந்திருக்கிறது என்றால் அடுத்து இம்பெல்லர். மெதுவாக ஓடும்போது தாரை சொட்டுச் சொட்டாக வந்து, வேகம் கொடுத்ததும் சற்றுத் தேறினால் இம்பெல்லர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதன் ரப்பர் இதழ்கள் வளைந்தும் நிமிர்ந்தும் நீரைத் தள்ளுகின்றன. பழசானால் வளைந்த நிலையிலேயே விறைத்துப் போகும், அல்லது ஒடிந்துவிடும். தண்ணீர் இல்லாமல் சில விநாடிகள் ஓட்டினாலே கருகத் தொடங்கும். "ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்" என்று மணலில் நிறுத்திக் கயிறு இழுக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

எஞ்சினின் கீழ்ப்பகுதியைக் கழற்றித்தான் இம்பெல்லரை மாற்ற முடியும். கியர் கம்பியின் இணைப்பை விடுவிக்க மறக்காதீர்கள். உப்பேறிய போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் உள்ளேயே முறிந்துவிடும். அசையாவிட்டால் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். இதழ் ஒன்று ஒடிந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுத்தாக வேண்டும். அது குழாய்க்குள் சிக்கிக் கிடந்தால் புது இம்பெல்லர் போட்டும் பயனில்லை. தண்டில் இருக்கும் சிறிய சாவி, பம்ப்பின் அடித்தகடு, கேஸ்கட் மூன்றையும் பார்த்து, தேய்ந்ததை மாற்றுங்கள். புது இம்பெல்லரை எஞ்சின் சுற்றும் திசையிலேயே சுற்றி உள்ளே இறக்க வேண்டும். தினமும் கடலுக்குப் போகும் எஞ்சினுக்கு வருடம் ஒருமுறை இம்பெல்லரை மாற்றிவிடுவது நல்லது.

தாரை நன்றாக அடிக்கிறது, ஆனாலும் சூடாகிறதா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே தாரை சாட்சி. சிலிண்டரைச் சுற்றி நீர் முழுதாக ஓடுகிறது என்பதற்கு அது சாட்சியாகாது. ஹெட்டின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். 'சுர்' என்று பொரிந்து ஆவியானால் சூடு மிக அதிகம் என்று பொருள்.

அப்போது தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பாருங்கள். எல்லாச் சிறிய எஞ்சின்களிலும் அது இருக்காது. இருந்தால், சமையலுக்குப் பயன்படாத ஒரு பழைய பாத்திரத்தில் நீர் ஊற்றி, நூலில் கட்டி அதைத் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். பெரும்பாலானவை 50 முதல் 60 டிகிரி அளவில் திறக்கத் தொடங்கும். நீர் கொதிக்கும் வரை திறக்காவிட்டால் மாற்ற வேண்டியதுதான். அதை எடுத்து எறிந்துவிட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல், பிளக்கில் கரி பிடித்து, எண்ணெயும் வீணாகும்.

அடுத்த காரணம், நீர்ப்பாதைகளில் படிந்த உப்பு. கழற்றிய பாகங்களை வெள்ளை வினிகரில் ஊறவைத்துத் தேய்க்கலாம். குளியலறை கழுவும் ஆசிட்டை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது உப்போடு சேர்த்து அலுமினியத்தையும் அரித்துவிடும்.

இவை எதுவும் இல்லையென்றால் ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். ஒரு பிளக் மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால் சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கக்கூடும். அதை மெக்கானிக்தான் சரிசெய்ய வேண்டும். ஆயில் கலவையையும் கவனியுங்கள். 50-க்கு 1 என்று கையேடு சொன்னால், லிட்டருக்கு 20 மில்லி. மிச்சம் பிடிக்க ஆயிலைக் குறைத்தால் குளிர்விக்கும் நீர் சரியாக ஓடினாலும் பிஸ்டன் தேயும், பிடித்துக்கொள்ளும்.

வீட்டார் செய்யக்கூடிய உதவி

கடலிலிருந்து வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரில் 10 நிமிடம் ஓட்டுவதுதான் உப்புக்கு மருந்து. ஒரு பெரிய டிரம்மில் நீர் நிரப்பி, உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்கும்படி எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் மெதுவாக ஓட்டுங்கள். நம் ஊரில் நல்ல தண்ணீரின் அருமை எங்களுக்கும் தெரியும். தினமும் முடியாவிட்டால், வாரம் ஒருமுறையாவது செய்யுங்கள். பல நாள் தொழிலுக்குப் போகாமல் எஞ்சினை வைக்கும்போது கட்டாயம் செய்யுங்கள்.

இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். அடைத்த முற்றத்தில் புகை தங்கினால் உயிருக்கே ஆபத்து. காற்றாடி அருகே பிள்ளைகளை விடாதீர்கள். எண்ணெய் கலந்த அந்த நீரைக் கிணற்றடியில் கொட்டாதீர்கள்.

ஒரு மூடியுள்ள டப்பாவில் புது இம்பெல்லர், சாவி, கேஸ்கட், இரண்டு பிளக், ஸ்பேனர், ஒரு முழம் தங்கூசி ஆகியவற்றை எப்போதும் படகில் வைத்திருங்கள்.

பழைய எஞ்சின் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். டிரம்மில் இறக்கி, கால் மணி நேரமாவது ஓடவிட்டு, தாரையையும் ஹெட்டின் சூட்டையும் பாருங்கள். உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

ஃபஜ்ரு தொழுதுவிட்டுக் கடலுக்குப் போகிறவர் எப்போது கரை திரும்புவார் என்று ஒரு வீடே காத்திருக்கிறது. கயிறு இழுத்ததும் ஒருமுறை திரும்பி அந்தத் தாரையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். நலமாகச் சென்று நலமாகத் திரும்ப அல்லாஹ் அருள் புரிவானாக.