பூந்தமல்லியில் இல்லாத கேமரா

நீதிமன்ற விசாரணையைத் தொலைக்காட்சியில் காட்டலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் நினைவுகூரத்தக்க ஊர் பூந்தமல்லி. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்ந்த ராஜீவ் காந்தி படுகொலை வழக்கை அங்கிருந்த, தடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் சிறப்பு நீதிமன்றம் 'இன் கேமரா' முறையில், அதாவது பொதுமக்களோ செய்தியாளர்களோ நுழைய முடியாத மூடிய அறையில் விசாரித்தது. கேமரா என்ற லத்தீன் சொல்லுக்கு அறை என்பதே பொருள்.

அவ்வழக்கின் முதல் தடயமும் ஒரு கேமராதான். குண்டுவெடிப்பில் மாண்ட புகைப்படக்காரர் ஹரிபாபுவின் உடலோடு சிதையாமல் கிடைத்த அக்கருவியின் சுருளில் இருந்த பத்துப் படங்கள்தாம், மாலையோடு காத்திருந்த தற்கொலைக் கொலையாளி தணுவையும், குர்தா அணிந்து செய்தியாளர்போல் நின்ற, சதியை வழிநடத்திய சிவராசனையும் காட்டிக்கொடுத்தன. ஆனால் வழக்கு பெரிதும் சார்ந்திருந்தது ஒப்புதல் வாக்குமூலங்களையே. காவல்துறை அதிகாரி பதிவுசெய்யும் வாக்குமூலத்தையும் சாட்சியமாக ஏற்ற தடா சட்டத்தின் 15ஆம் பிரிவு, அதனை ஒலிநாடாவில் பதியவும் இடம் தந்திருந்தது. எனினும் குற்றம்சாட்டப்பட்டவர்களில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலம் எழுத்தில்தான் பதிவாயிற்று. தாம் வாங்கித் தந்த, குண்டில் பயன்பட்டதாகக் கூறப்பட்ட பேட்டரி எதற்கெனத் தெரியாது என்று அவர் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாக, அதனைப் பதிவுசெய்த அதிகாரியே ஓய்வுபெற்றபின் 2013இல் வெளிப்படுத்தினார். 1998 ஜனவரி 28 அன்று விசாரிக்கப்பட்ட 26 பேருக்கும் தூக்கு விதிக்கப்பட்டது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது.

அந்த அறைக்குள் தொலைக்காட்சி நுழைந்திருந்தால் அந்த 19 பேருக்குத் தூக்கு விதித்த பிழை நேர்ந்திராது என்று கொள்வதற்கில்லை. அச்சத்தில் இருந்த சாட்சிகளின் முகங்கள் ஊரறியப் பரவியிருக்கும் என்பதே உறுதி. ஒளிபரப்புக் கருவிகள் நியாயமான விசாரணையைக் குலைத்தன என்று கருதிய அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1965இல் எஸ்டெஸ் என்பவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையையே ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 26 அன்று நேரலைக்கு அனுமதி தந்த இந்திய உச்ச நீதிமன்றம், 2022 செப்டம்பர் 27 முதல் ஒளிபரப்பத் தொடங்கியதும் அரசியல் சாசன அமர்வின் வாதங்களையே. அங்கே சாட்சிக் கூண்டு இல்லை. சாட்சியும் குற்றம்சாட்டப்பட்டவரும் பெரும்பாலும் ஒரே தெருவில் வாழும் அம்பத்தூர், பூந்தமல்லி போன்ற ஊர்களின் குற்றவியல் நீதிமன்றங்களுக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது.

மேல்முறையீட்டுக்கு உதவும் பதிவு வேறு, மக்கள் பார்க்கும் ஒளிபரப்பு வேறு. முன்னது தொடங்க வேண்டிய இடம் காவல் நிலையம். விசாரணை அறை உட்பட அங்கு எங்கும் சிசிடிவி பொருத்தி, பதிவுகளை 18 மாதங்கள் காக்க வேண்டுமென்று 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் அவ்வுத்தரவு முழுமையாக நடைமுறையில் உள்ளதா என்பதை வழக்கறிஞர்கள் ஒவ்வொரு வழக்கிலும் கேட்க வேண்டும்.