ஓட்டோ பின்னுக்குப் போக மறுத்தால்

கொக்குவிலிலோ திருநெல்வேலியிலோ உள்ளொழுங்கைக்குள் போன ஓட்டோவைத் திருப்ப இடம் கிடையாது. இரண்டு பக்கமும் மதில். நடுவில் ஒரு வண்டி போகும் அகலம். ஆளைப் படலையடியில் இறக்கிவிட்டுப் பின்னுக்குத்தான் எடுத்து வரவேண்டும். அந்த நேரம் பார்த்து றிவேர்ஸ் விழாவிட்டால் தள்ளுவதைத் தவிர வழியில்லை. உடனே "கியர்பொக்ஸ் போய்விட்டது" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இந்தக் கோளாறு பல நேரங்களில் கியர்பொக்ஸுக்கு வெளியேதான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆயுதங்களும் தேவையில்லை.

எஞ்சின் எப்போதும் ஒரு திசையில்தான் சுழலும். நடுவில் இன்னொரு பற்சக்கரம் வந்து சேர்ந்தால், சில்லுக்குப் போகும் சுழற்சி எதிர்த்திசைக்கு மாறும். நம்முடைய பஜாஜ் ஓட்டோக்களில் இதற்கென்று சாரதி சீற்றடியில் தனி லீவர் உண்டு. அதை இழுத்தால் கேபிள் இழுபட்டு, கியர்பொக்ஸின் வெளிப்புறத்தில் நிற்கும் சிறிய கையைத் திருப்பும். அது உள்ளே பற்களைக் கோர்த்துவிடும். அதன் பிறகு இடக் கைபிடியைத் திருகி முதலாம் கியரைப் போட்டால்தான் வண்டி பின்னே நகரும். ஆகவே முன்னுக்கு நன்றாக இழுக்கிற வண்டி பின்னுக்கு மட்டும் வர மறுத்தால், எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டாம். லீவரிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

லீவர் பாரமே இல்லாமல் தொளதொளவென்று வருகிறதா? கேபிள் அறுந்திருக்கும், அல்லது அதன் நுனி கழன்றிருக்கும். இறுகிப்போய் அசைய மறுக்கிறதா? குருநகர், ஊர்காவற்றுறை, வல்வெட்டித்துறை போன்ற கரையோர ஊர்களில் ஓடும் வண்டியென்றால் முதலில் கறளைத்தான் நினைக்கவேண்டும். கேபிளைக் கழற்றி உறையைச் சற்று வளைத்துப் பாருங்கள். மண்ணிறத் தூள் கொட்டும். நுனியில் ஒன்றிரண்டு இழைகள் அறுந்து முள்ளுப்போல நிற்கும். அப்படியானதற்கு ஒயில் விட்டுப் பாவிப்பது சில நாளைக்குத்தான். புதுக் கேபிள் போடுவதே சரி.

இனிச் சொல்வதுதான் முக்கியமான பரிசோதனை. எஞ்சினை நிற்பாட்டி, சமதரையில் வண்டியை நியூட்ரலில் விடுங்கள். கியர்பொக்ஸ் பக்கத்தில் கேபிளைக் கழற்றிவிட்டு அந்தச் சிறிய கையை விரலால் தள்ளுங்கள். ஒருவர் வண்டியை ஒரு சாண் முன்னும் பின்னும் உருட்டட்டும். பற்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றால், உருட்டும்போது விலகி 'டக்' என்று உட்காரும். உட்கார்ந்தால் பழுது கேபிளிலோ லீவரிலோதான். கியர்பொக்ஸைத் திறக்க யாருக்கும் சம்மதம் கொடுக்காதீர்கள். எவ்வளவு உருட்டியும் உட்காரவில்லை என்றால் கோளாறு உள்ளே இருக்கிறது.

விழுகிறது, ஆனால் போகும்போது கழன்றுவிடுகிறது என்பார்கள் சிலர். கேபிள் தளர்ந்து லீவர் இழுப்பு போதாமல் பற்கள் பாதிதான் கோர்த்திருக்கலாம். அட்ஜஸ்டரை இறுக்கிப் பார்க்கவேண்டும். அதன் பிறகும் கழன்றால் பற்களின் விளிம்பு தேய்ந்து உருண்டுவிட்டது என்று பொருள். கரகரவென்று அரைத்துக்கொண்டு விழுந்தால் கிளட்சைப் பாருங்கள். கிளட்ச் கேபிள் தளர்ந்திருந்தால் கைபிடியை முழுதாக அமத்தினாலும் கிளட்ச் முழுதாக விடாது.

ஒயிலும் பேசும். வடிக்கும்போது பால் தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2024 நவம்பரில் ஃபெங்கால் புயலோடு வந்ததுபோன்ற வெள்ளத்துக்குள் நின்ற வண்டி என்றால், ஓடுகிறதே என்று விட்டுவிடாமல் ஒயிலை மாற்றவேண்டும். விரலில் தொட்டு உரசிப் பாருங்கள். நரைத்த மை போன்ற நுண்துகள் வழமையானது. மினுங்கும் செதிலோ உடைந்த துண்டோ வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். மாற்றி ஊற்றுவதும் கையேட்டில் உள்ள ஒயிலாக இருக்கவேண்டும். ஒயிலில் நனைந்தபடி வேலைசெய்யும் கிளட்ச், சில கார் ஒயில்களில் வழுக்கும்.

உள்ளே தேய்வதற்குப் பெரிய காரணம் அவசரம். வண்டி முன்னுக்கு மெல்ல உருண்டுகொண்டிருக்கும்போதே லீவரை இழுத்தால், எதிரெதிரே சுழலும் பற்கள் ஒன்றையொன்று செதுக்கும். முற்றாக நின்று, நியூட்ரலில் விட்டு, கிளட்சைப் பிடித்து, பிறகு லீவரை இழுங்கள். மணற்கரைகளில் ஓடும் நாலு சில்லு ஏடிவிக்கும் இதே விதிதான். நின்ற பிறகு போடுவதற்காகவே அவற்றில் பல வண்டிகளுக்கு றிவேர்ஸ் பூட்டு வைத்திருக்கிறார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபிறகு பழைய வண்டிகளைத்தான் திருத்தித் திருத்தி ஓட்டினோம். 2025இல் தடை தளர்ந்தும் புது வண்டியின் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதனால் திறக்கத்தான் வேண்டும் என்றால் மெக்கானிக்கிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தேய்ந்த பற்சக்கரத்தோடு கோர்க்கும் சோடியையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். புதியதைப் பழைய தேய்ந்த பல்லோடு விட்டால் அதையும் அது தின்றுவிடும். கூலியை இரண்டாம் முறையும் கொடுக்க நேரும். கழற்றிய துண்டுகளைக் கையில் வாங்கி, எங்கே தேய்ந்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.