ஒருமுறை எம்.எல்.ஏ., அப்புறம்?

தமிழ்நாட்டில் எந்தச் சின்ன ஊர் பேருந்து நிலையத்தில் இறங்கிக் கேட்டாலும் ஒரு முன்னாள் எம்.எல்.ஏ. வீட்டுக்கு வழி சொல்லிவிடுவார்கள். பதவி போய் இருபது வருடம் ஆகியிருக்கும். ஊருக்கு அவர் இன்னும் எம்.எல்.ஏ.தான். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவார்கள், காதுகுத்துக்கு முன்வரிசை நாற்காலி தருவார்கள், போலீஸ் ஸ்டேஷனில் சிக்கல் என்றால் கூட வரச் சொல்வார்கள். தேர்தல் வந்தால் சீட் மட்டும் அவருக்குக் கிடைப்பதில்லை.

ஏன் என்று கேட்டால் காரணங்கள் வரிசையாக வரும். மாவட்டச் செயலாளரோடு ஒத்துப்போகவில்லை, சாதிக் கணக்கு சரிவரவில்லை, தொகுதி கூட்டணிக்குப் போய்விட்டது. எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஆனால் விருப்ப மனு கொடுத்துவிட்டு நேர்காணலுக்குப் போய் வந்தவர்களிடம் கொஞ்ச நேரம் பேசினால், கடைசியில் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: எவ்வளவு செலவு செய்வீர்கள்?

முந்தைய தலைமுறையின் கதை வேறு. அவர்களுக்குப் பதவிக்காலமே முழுதாகக் கிடைக்கவில்லை. 1977-ல் ஜெயித்தவர்கள் 1980 பிப்ரவரியில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். 1984 டிசம்பரில் ஜெயித்தவர்களின் சபை 1988 ஜனவரியில் கலைந்தது. 1989 ஜனவரியில் வந்தவர்களுக்கு இரண்டே வருடம். அப்புறம் அலைகள். இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்று 1991-ல் இரண்டே இடத்தில் ஜெயித்தது. இன்னொன்று 1996-ல் நான்கே இடத்தில். தொகுதிக்குள் நன்றாக வேலை செய்தவரும் செய்யாதவரும் ஒன்றாக அடித்துச் செல்லப்பட்டார்கள்.

சிலருக்குத் தொகுதியே இல்லாமல் போனது. 2008 மறுசீரமைப்பில் சாத்தான்குளம், சேரன்மகாதேவி, சேடபட்டி, இளையான்குடி, கடலாடி, சமயநல்லூர், ஆண்டிமடம், வரகூர், மருங்காபுரி, பெரணமல்லூர் என்று எத்தனையோ பெயர்கள் பட்டியலிலிருந்து நீங்கின. மொத்த எண்ணிக்கை அதே 234தான். ஆனால் இருபது வருடம் கிளை கிளையாக நடந்து வளர்த்த ஊர்கள் மூன்று தொகுதிகளுக்குள் சிதறின. 2011 தேர்தலில் அவர்களில் பலர் தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத பக்கத்துத் தொகுதிக்கு மனுப் போட வேண்டியிருந்தது.

இதையெல்லாம்கூட ஒரு அரசியல்வாதி தாங்கிக்கொள்வார். கலைந்த சபை மறுபடி கூடும், அலை ஓயும், புதுத் தொகுதியும் பழகும். பணம் அப்படி இல்லை. அங்கே காத்திருந்து பயனில்லை என்பதுதான் என் கவலை.

2021 கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாநிலத்தில் வாக்காளர்கள் ஏறத்தாழ 6.28 கோடி. ஒரு தொகுதிக்குச் சராசரி 2.68 லட்சம். கொரோனா காரணமாக வாக்குச்சாவடிகளைப் பெருக்கியதில் மொத்தம் 88,937 ஆனது, தொகுதிக்கு 380. வேட்பாளர் செலவு செய்யலாம் என்று அன்று சட்டம் வைத்திருந்த உச்சவரம்பு 30.8 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்கள். ஒரு வாக்காளருக்குப் பதினொன்றரை ரூபாய். ஒரு பூத்துக்கு எட்டாயிரம் சொச்சம். பூத் ஏஜென்ட் சாப்பாடு, பந்தல், வண்டி, டீசல், நோட்டீஸ், மைக், கொடி எல்லாம் இந்த எட்டாயிரத்துக்குள் முடிய வேண்டும், முழுப் பிரசாரத்துக்கும் சேர்த்து. 2022-ல் வரம்பை 40 லட்சமாக உயர்த்தினார்கள். அதிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தப் பக்கத்துக் கணக்கையும் போடுவோம். தொகுதியில் பாதிப் பேருக்கு, தலைக்கு ஐந்நூறு ரூபாய் ஒருவர் கவரில் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 6.7 கோடி ஆகிறது. எந்தக் கணக்கிலும் எழுதப்படாத பணம். 2009 ஜனவரியில் திருமங்கலத்தில் இடைத்தேர்தல் நடந்தது. ஏறத்தாழ 89 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். ஓட்டுக்குப் பணம் என்பதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல் அதற்கப்புறம் டீக்கடை வரைக்கும் பரவியது. 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடா காரணமாக வாக்குப்பதிவே தள்ளிப்போனது. 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ரத்தானது. இவை வெளியே தெரிந்தவை. ஓட்டுக்குப் பணம் வாங்குவதைப் பற்றி மக்கள் இப்போது ஒளித்துப் பேசுவதுகூட இல்லை. பக்கத்துத் தெருவுக்கு வந்தது, எங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள்.

இந்தச் சந்தையில் ஒரு பழைய எம்.எல்.ஏ. என்ன செய்வார்? ஐந்து வருடம் சம்பாதித்து வைத்தவராக இருந்தால் பிரச்சினை இல்லை. சம்பாதிக்காமல் வந்தவருக்குத்தான் கதவு மூடுகிறது. நேர்மையாக இருந்ததே தகுதிக் குறைவாகிப் போகும் ஒரு ஏற்பாட்டை நாம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது தாங்கவில்லை.

சுயேச்சையாக நிற்கலாமே என்பார்கள். 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள், விவசாயிகளின் எதிர்ப்பாக. வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சாயிற்று. அதே ஆண்டில் சட்டமன்ற வேட்பாளருக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பிறகு 10,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். இதெல்லாம் சிறிய தடைகள். பெரிய தடை சின்னம். மனு வாபஸ் பெறும் நாள் முடிந்த பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம் கிடைக்கும். 2021-ல் அது மார்ச் 22, வாக்குப்பதிவு ஏப்ரல் 6. பதினைந்து நாளில் 2.68 லட்சம் பேருக்கு ஒரு புதுச் சின்னத்தைப் பழக்க வேண்டும். ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு வாங்காவிட்டால் டெபாசிட் போய்விடும். முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கு டெபாசிட் போச்சு என்று ஊர் பேசுவதை அந்தக் குடும்பம் பல வருடம் சுமக்கும்.

முடியவே முடியாதா என்றால், ராதாபுரத்தைச் சொல்ல வேண்டும். அங்கே ஒருவர் 1996-ல் ஒரு கட்சியிலிருந்து ஜெயித்தார், 2001-ல் சுயேச்சையாக ஜெயித்தார், 2006-ல் இன்னொரு கட்சியில் ஜெயித்தார். 2016-ல் வெறும் 49 வாக்கில் தோற்றார். 203 தபால் வாக்குகள் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றில் சான்றொப்பமிட்டவர்கள் பள்ளித் தலைமை ஆசிரியர்கள். அந்தக் கையெழுத்து செல்லுமா என்பதுதான் வழக்கு. 2019-ல் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, எண்ணினார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சபையின் ஐந்து வருடமும் முடிந்துபோனது. 2021-ல் அவர் மறுபடி நின்று ஜெயித்தார். இருபத்தைந்து வருடம் ஒரே தொகுதியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அபூர்வமான ஒருவர். அவரை உதாரணமாகக் காட்டி மற்ற மாஜிகளிடம் உழைத்தால் ஜெயிக்கலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுயேச்சையாக ஜெயித்த 2001-க்கும் இன்றைக்கும் நடுவே தேர்தல் செலவு எங்கேயோ போய்விட்டது.

பழையவர்கள் போனால்தானே புதுமுகங்கள் வருவார்கள் என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வருகிற புதுமுகம் யார் என்று பார்த்தால் கல்லூரி நடத்துபவர், குவாரி வைத்திருப்பவர், ரியல் எஸ்டேட்காரர் என்று எண்ணிவிடலாம். இருபது வருடம் போஸ்டர் ஒட்டிய கிளைச் செயலாளர் அந்த வரிசையில் இருப்பதில்லை.

இழப்பு சபைக்கும்தான். மானியக் கோரிக்கையில் வெட்டுத் தீர்மானம் எப்படிக் கொடுப்பது, கேள்வி நேரத்தில் துணைக் கேள்வியை எங்கே செருகுவது, அமைச்சர் சபையில் தந்த வாக்குறுதி நிறைவேறியதா என்று உறுதிமொழிக் குழுவில் எப்படிப் பின்தொடர்வது, பொதுக் கணக்குக் குழுவில் தணிக்கை அறிக்கையை எப்படிப் படிப்பது: இவை எந்தப் பயிற்சி முகாமிலும் முழுதாக வராது. முதல் இரண்டு வருடம் உட்கார்ந்து கவனிப்பதிலேயே போய்விடும். கற்றுக்கொண்டு வேலை செய்யத் தொடங்கும்போது தேர்தல் வந்துவிடும், அவருக்கு சீட் இருக்காது. அடுத்தவர் வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். பட்ஜெட்டின் கோடிகளை யாராலும் குடைந்து கேட்க முடியாத சபை எந்த ஆளும் கட்சிக்கும் வசதியானது.

என்ன செய்யலாம்? வேட்பாளருக்கு வரம்பு வைத்திருக்கும் சட்டம் கட்சியின் செலவுக்கு வரம்பு வைக்கவில்லை. முதலில் அதை அடைக்க வேண்டும். வேட்பாளர் முடிவு வந்த 30 நாளில் கணக்கு கொடுக்காவிட்டால் மூன்று வருடம் வரை தகுதியிழப்பு உண்டு. ஜெயித்தவர், தோற்றவர் எல்லோருக்கும் அதே விதிதான். ஆனால் அந்தக் கணக்கில் வராத கோடிகளை அது தொடுவதில்லை. அரசே தேர்தல் செலவில் ஒரு பகுதியை ஏற்கலாம் என்று 1998-ல் நாடாளுமன்றவாதிகள் குழு ஒன்று பரிந்துரைத்தது. பணமாகத் தராமல் எரிபொருள், காகிதம், ஒலிபெருக்கி என்று பொருளாகத் தரலாம் என்றது. கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அது நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் கட்சி சீட் மறுத்த பழைய எம்.எல்.ஏ.வுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும் என்று சொல்லி சுயேச்சைகளை அந்தக் குழுவும் வெளியே நிறுத்திவிட்டது.